மரத்தில் செய்த கார் ராம்ப்: சறுக்கினால், புதைந்தால், வெடித்தால் எங்கே பார்ப்பது

ஒயில் மாற்ற, சைலன்சர் கிளிப் இறுக்க, அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே மரத்தில் ராம்ப் (காரின் சில்லை ஏற்றி உயர்த்தி நிறுத்தும் சாய்வுக் கட்டை) அடித்து வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்த புதிதில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் குறை தலைகாட்டும். கல்லடி, ஆரையம்பதி, செங்கலடி என்று உறவுக்காரர், அயலவர் வீட்டு ராம்ப்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மரத்துக்குப் பலம் போதாமல் குறை வருவது மிக அரிது. ராம்புக்கு அடியில் உள்ள தரை, டயர் முதலில் தொடும் விளிம்பு, பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, இந்த மூன்றில் ஒன்றில்தான் குறை இருக்கும். அதனால் தடித்த மரம் தேடி மரக்காலைக்கு ஓடும் முன் கீழே குனிந்து பாருங்கள்.

இதை ஒரு கணக்கிலேயே பார்க்கலாம். 800 கிலோ அளவுள்ள சிறிய கார் ஒன்றில் ஏறத்தாழ 60 சதவீதப் பாரம் முன்பக்கம் இருக்கும். ஒரு முன் சில்லுக்கு 240 கிலோ வரும். டயருக்கு 30 இறாத்தல் காற்று அடித்திருந்தால் டயர் கீழே கொடுக்கும் அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல்தான். வேலிக்குப் போடும் மட்டமான பலகைகூட அதை நசுங்காமல் தாங்கும். ஆனால் அதே பாரம் ஒரு பக்கமாகத் தள்ளினால், அல்லது அடியில் மணல் விலகினால், எவ்வளவு நல்ல முதிரைப் பலகையும் உதவாது.

கீழே சொல்வதெல்லாம் இப்படியான ஒரு ராம்பை மனதில் வைத்துச் சொல்வது: 2 அங்குலத் தடிப்பு, 10 அங்குல அகலப் பலகை மூன்று, அடியில் 44 அங்குலம், நடுவில் 34, மேலே 24. பின்பக்கம் மூன்றும் ஒரே வரியில் நிற்கும், முன்பக்கம் 10 அங்குலத்துக்கு ஒரு படியாக ஏறும். மேல் பலகையின் முடிவில் 3 அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை. மொத்தம் 6 அங்குல உயரம். உங்களுடையது வேறு அளவென்றாலும் குறைகள் இவைதான்.

எந்தக் குறையாக இருந்தாலும் ஒரு விதி மாறாது. காரை ஏற்றி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, தரையில் நிற்கும் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வைத்த பிறகு, பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் காரைப் பலமாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ராம்ப் அசைந்தால், முனகினால், ஒரு பக்கம் தாழ்ந்தால் உடனே இறக்குங்கள். அன்றைக்கு அடியில் போக வேண்டாம்.

ஏறத் தொடங்கும்போதே ராம்ப் ஓடுகிறது

அதிகம் கேட்கும் புகார் இது. முதலில் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

*காருக்கு முன்னால் ஓடினால்*

டயர் முதல் படியில் முட்டித் தள்ளுகிறது, ராம்பைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. செலவில்லாத பரிசோதனை முதலில்: ராம்பின் அடியையும் தரையையும் தும்புத்தடியால் நன்றாகக் கூட்டுங்கள். நம் பக்கம் போர்ட்டிகோவில் எப்போதும் ஒரு மெல்லிய மணல் படலம் இருக்கும். சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவில் அந்த மணல் உருண்டால் அதன் மேல் எந்த ராம்பும் வழுக்கும். கூட்டிய பிறகும் ஓடினால் அடியில் ரப்பர் போடுங்கள். பழைய லொறி டியூப்பைப் பிளந்து, முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒரு கை அகலத்துக்குக் கட்டையான ஆணியால் அடித்தால் போதும். ஆணித் தலை ரப்பருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் அதுவே தரையில் வழுக்கும். சாக்கு விரிப்பதைச் சிலர் சொல்வார்கள். கரடான சீமெந்தில் அது ஓரளவு பிடிக்கும், டைல்ஸ் தரையில் பிடிக்காது.

அதற்கும் அடங்காவிட்டால் நாக்குப் பலகை வைப்பதுதான் சரியான வைத்தியம். அரை அங்குலப் பிளைவூட்டில் 18 அங்குலம் நீளமாக ஒரு துண்டு வெட்டி, ராம்பின் முன் விளிம்பில் கீழாகப் பொருத்துங்கள். டயர் முதலில் அந்த நாக்கில் ஏறும். காரின் பாரமே நாக்கை அமத்திப் பிடித்துக்கொள்ளும், அப்புறம்தான் டயர் முதல் படியைத் தொடும். தன் பாரத்தால் தானே பிடித்த ராம்பை அந்த டயரால் முன்னுக்குத் தள்ள முடியாது. நாக்கைக் கீல் வைத்தோ தடித்த ரப்பர் பட்டி வைத்தோ இணைத்தால் எடுத்து வைக்கும்போது மடித்து வைக்கலாம். ஆணி மட்டும் அடித்து இணைத்தால் சில முறையிலேயே கழன்றுவிடும், போல்ட் போடுங்கள்.

*வேன் என்றால்*

ஹையேஸ், சுசுக்கி எவ்ரி, டிமோ பட்டா போன்றவை பின் சில்லால் தள்ளி ஓடும் வாகனங்கள். முன் சில்லு தானாக ஏறாது, பின்னாலிருந்து தள்ளப்பட்டு ஏறும். அந்தத் தள்ளல் முழுவதும் ராம்பின் மேல்தான் விழும். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற காரில் முன் சில்லே இழுத்து ஏறுவதால், மெதுவாக ஏற்றினால் ராம்பில் அந்தத் தள்ளல் அநேகமாக இராது. அதனால்தான் ஒரே ராம்பில் கார் அழகாக ஏறும், வேன் வந்தால் ராம்ப் ஓடும். வேனுக்கு ரப்பரோடு நாக்கும் கட்டாயம். முடிந்தால் ராம்பின் பின்பக்கத்தை ஒரு சுவரின் அடியில் அல்லது போர்ட்டிகோப் படியில் முட்டுக் கொடுத்து வையுங்கள், நடுவில் ஒரு கட்டை போட்டாலும் சரி. பாதி கட்டிய மதிலை நம்பி முட்டுக் கொடுக்காதீர்கள்.

*காருக்கு அடியில் பின்னோக்கி வந்தால்*

இது முன் சில்லு இழுக்கும் காரில் மட்டும் வரும். அக்சலரேட்டரைத் திடீரென்று மிதித்திருக்கிறார்கள், டயர் சுழன்று ராம்பைப் பின்னால் எறிகிறது. ராம்பில் குறை இல்லை. கிளச்சை மெல்ல விட்டு, இயந்திரத்தின் நிதான ஓட்டத்தில் ஏற்றிப் பாருங்கள். ஓட்டோமெட்டிக் என்றால் பிரேக்கில் கால் வைத்தபடி சிறிது சிறிதாக விடுங்கள். காருக்குப் பின்னால் அப்போது யாரும் நிற்கக் கூடாது. சுழலும் டயர் ஒரு ராம்பை ஆளின் காலை முறிக்கும் வேகத்தில் எறியும்.

மூன்றும் செய்தும் ஓடினால் அந்த இடமே ராம்புக்கு ஏற்றதல்ல. தரை சரிவாக இருக்கும். குண்டு மட்டம் வைத்துப் பாருங்கள். முற்றத்தில் மழைநீர் ஓட விட்ட சரிவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சரிவான இடத்தில் ராம்ப் வேலையே வேண்டாம்.

ராம்ப் புதைகிறது, ஒரு பக்கம் சாய்கிறது

*எழுவான்கரை மணல்*

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர்கள் எல்லாம் மணல்தான். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எங்கே போனாலும் முற்றத்தில் காய்ந்த மணல் காலை வாங்கும். ராம்ப் நேராகக் கீழே புதைவது பெரிய ஆபத்தல்ல. ஆபத்து, பின்முனை மட்டும் புதைவது. டயர் மேலே ஏறி நிற்கும்போது பாரம் முழுவதும் ராம்பின் பின்பாதியில் இருக்கும். அங்கே மணல் ஒதுங்கினால் மேல்தளம் முன்னோக்கிச் சரிந்து, கார் தடுப்பின் மேல் சாயும். அதைவிட மோசம் வெளிப்பக்கம் தாழ்வது. டயர் பக்கவாட்டில் வழுக்கி இறங்கிவிடும்.

முதல் வேலை, செலவில்லாதது: காய்ந்த மேல் மணலை ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் ஒதுக்குங்கள். கீழே ஈரமும் இறுக்கமும் உள்ள மணல் வரும். அதன் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஊறிய பிறகு திமிசால் அல்லது தடித்த கட்டையால் இடித்து மட்டம் பாருங்கள்.

இரண்டாவது, பரப்புப் பலகை. ராம்பின் அடி 10 அங்குல அகலம். அதற்கு அடியில் 2 அடி அகலம், 5 அடி நீளத்தில் முக்கால் அங்குலப் பிளைவூட்டோ நெருக்கி அடித்த பலகைத் தட்டோ போட்டால் பாரம் விரிந்து நிற்கும். வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. ராம்ப் அதன் அகலத்தின் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் பலகை தூக்கிக்கொள்ளும். பின்முனைக்கு அப்பால் பரப்புப் பலகை ஓர் அடியாவது நீண்டிருந்தால் முன்சரிவு அநேகமாக நின்றுவிடும். ராம்பையும் பலகையையும் இரண்டு போல்டால் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராம்ப் பலகையின் மேல் சறுக்கும், மேலே சொன்ன முதல் குறைக்கே நீங்கள் திரும்பிப் போவீர்கள்.

மூன்றாவது, செலவுள்ளது: சில்லு ஓடும் இரண்டு வரிக்கு மட்டும் கொங்கிரீட் பட்டி போடுவது. காரை வீட்டில் அடிக்கடி பார்ப்பவருக்கு இது வீண்செலவல்ல. மேசனிடம் சொல்லும்போது மேல் பூச்சை வழவழப்பாக இழுக்க வேண்டாம், தும்புத்தடியால் கோடு இழுத்துக் கரடாக விடச் சொல்லுங்கள்.

*படுவான்கரை, சம்மாந்துறைப் பக்கம் உள்ள வயல்மண்*

வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை. அங்குள்ள மண் கோடையில் பாறை போல இருக்கும், ஏமாற வேண்டாம். மாரி பெய்த பிறகு மேலே காய்ந்து உள்ளே களியாக இருக்கும். ஒரு கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். அரைச் சாண் இறங்கினால் அன்று ஏற்றாதீர்கள். இந்த மண்ணில் பரப்புப் பலகைகூட மெல்ல மெல்ல அமிழும். ஏற்றும்போது சரியாக இருக்கும், அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். நீங்கள் அடியில் படுத்திருக்கும் நேரம் அதுதான்.

*இன்டர்லொக் கல்*

ஓரத்தில் உள்ள கல் அசையும். நடுவில் வையுங்கள்.

டயர் சுழல்கிறது, ஏற மறுக்கிறது

ராம்ப் நிற்கிறது, டயர் மட்டும் வழுக்கினால் மேற்பரப்பைப் பாருங்கள். சிந்திய ஒயில்தான் பெரும்பாலும் காரணம். மரத்தூள் தூவி ஊற விட்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் காய விடுங்கள். கறையான் வராமல் இருக்கக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் வேலிக்கட்டைக்கு இருக்கட்டும், ராம்பின் மேல்பக்கத்துக்கு வேண்டாம்.

மழை நாளில் மரம் ஈரமாக இருந்தாலே வழுக்கும். அதற்குக் குறைந்த செலவில் மணல் பூச்சு நல்லது. எனமல் பெயின்ட் தடிப்பாக ஒரு கை பூசி, ஈரம் காயும் முன் சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள், காய்ந்த பிறகு மேலே இன்னொரு கை. கடற்கரை மணல் வேண்டாம். உப்பு இருக்கும், ஆணியைத் தின்னும். இன்னொரு வழி, படிகளின் மேல் குறுக்காக அரை அங்குலச் சட்டங்கள் அடிப்பது. கோழிக்கூட்டு வலை அடிப்பதும் உண்டு, ஆனால் அதன் வெட்டுமுனைகளை முழுவதும் அடியில் மடித்து அடிக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் டயரின் பக்கச் சுவரைக் கீறும்.

பரப்பும் சரி, தரையும் சரி, ஆனாலும் ஏறவில்லையா? முதல் படி உயரமாக இருக்கிறது. 2 அங்குலப் பலகையின் முன்முனையைச் செங்குத்தாக விடாமல் 45 பாகையில் சாய்த்து வெட்ட வேண்டும். கைவாளால் நேராக வெட்ட வராவிட்டால் ஓடாவியிடம் கொடுங்கள். மெஷின் வாளில் கொஞ்ச நேர வேலை.

பம்பர் தட்டுகிறது

டயர் ஏறும் முன் பம்பர் படியில் முட்டினால் சரிவு செங்குத்தாக இருக்கிறது. காரைச் சமதரையில் நிறுத்தி, நிலத்திலிருந்து பம்பரின் அடி எவ்வளவு உயரம், டயரின் முன்பகுதியிலிருந்து பம்பர் எவ்வளவு முன்னால் நீட்டுகிறது என்று இரண்டு அளவு எடுங்கள். அந்தத் தூரத்தில் ராம்பின் உயரம் பம்பர் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குறைவாக இல்லையென்றால் படிகளின் இடைவெளியை 10 அங்குலத்திலிருந்து 14, 15 ஆக்குங்கள். உயரத்தைக் குறைக்கத் தேவையில்லை, நீளத்தைக் கூட்டினால் போதும். தாழ்வான கார்களுக்கு மட்டும் இன்னொரு வழி: ராம்புக்கு முன்னால் தனியாக ஓர் அங்குலப் பலகை போட்டு டயரை முதலில் அதில் ஏற்றினால் பம்பரும் கொஞ்சம் உயரும்.

ஏறும்போது வெடிக்கும் சத்தம் கேட்கிறது

இந்தச் சத்தத்துக்குப் பயந்து நல்ல ராம்பை எறிந்தவர்களும் உண்டு, பயப்படாமல் அடியில் போனவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இறக்கிவிட்டு, ராம்பைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

*பிளவு ஒன்றும் தெரியவில்லை*

போல்ட் தளர்ந்திருக்கிறது. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். பாரம் ஏறும்போது அவை ஒன்றோடு ஒன்று அமர்ந்துகொள்ளும் சத்தம்தான் அது. எல்லா நட்டையும் இறுக்குங்கள். பெரிய வாசர் இல்லையென்றால் போடுங்கள், இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதைந்து மறுபடியும் தளரும். ஆணி மட்டும் அடித்த ராம்ப் என்றால் இதுதான் போல்டுக்கு மாற வேண்டிய நேரம். ஒரு ராம்புக்கு அரை அங்குலப் போல்ட் ஆறு, மூன்று பலகையையும் ஊடுருவி. போல்ட் தலை மேற்பரப்புக்குக் கீழே அமிழ வேண்டும். வெள்ளைப் பசையை நம்பி விட்டுவிடாதீர்கள், நம் மாரியில் அது ஊறிக் கழன்றுவிடும்.

*நீளவாக்கில் பிளவு*

பெரும்பாலும் முனையிலிருந்தோ போல்ட் துளையிலிருந்தோ தொடங்கும். துளை முனைக்கு மிக அருகில் இருந்தால் இப்படி வரும். முனையிலிருந்து 3 அங்குலமாவது உள்ளே தள்ளித் துளையிட வேண்டும். முழுக் கட்டையாக அடுக்கிய ராம்பில் ஒரு பலகை நீளவாக்கில் மயிரிழை அளவு பிளந்தால் உடனே ஆபத்தில்லை, குறுக்காக இரண்டு போல்ட் போட்டு இறுக்கிப் பாவிக்கலாம். பிளவுக்குள் ஒரு ரூபாய்க் காசு நுழைந்தால் அந்தப் பலகையை மாற்றுங்கள்.

தென்னம் பலகையும் பனம் பலகையும் இதில் தனி ரகம். இரண்டும் வெளிப்பக்கம் இரும்பு போல இருக்கும், தண்டின் நடுப்பக்கம் மென்மையான சோறு. பனஞ்சிலாகை கூரைக்கு எவ்வளவு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் துளை போடாமல் ஆணி அடித்தால் நாரோடு நாராகப் பிரிந்துபோகும். துளையிட்டுப் போல்ட் போட்டால்தான் நிற்கும். தென்னையில் கறுத்து, கனமாக உள்ள வெளிப்பலகையை மட்டும் எடுங்கள். அல்பீசியாப் பலகை எளிதாகக் கிடைக்கிறது, பாரத்தையும் தாங்கும். ஆனால் ஆணியைப் பிடித்து வைக்காது, ஈரம் பட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். நடுப் பலகையாகப் போடலாம், அடியில் போட வேண்டாம். பழைய சட்டரிங் பலகை வாங்கினால் சீமெந்தைச் சுரண்டி, முறிந்த ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாளை வைக்க வேண்டும்.

*குறுக்காக முறிவு, அல்லது நடுவில் வளைவு*

இது உள்ளே வெறுமையாகப் பெட்டி போல அடித்த ராம்பில்தான் வரும். மேல் பலகை பாலம் போல நிற்கிறது, அடியில் தாங்கல் போதாது. ஒரு முறை குறுக்காக முறிந்த மரத்தில் மேலே இன்னொரு பலகை அடிப்பது வைத்தியமல்ல. பெட்டியைப் பிரித்து 8 அங்குலத்துக்கு ஒரு குறுக்குத் தாங்கல் வையுங்கள், அல்லது அந்த மரத்தையே வெட்டி அடுக்கு ராம்பாக மாற்றுங்கள். எனக்குக் கேட்டால் பெட்டி ராம்பே வேண்டாம். மிச்சப்படுத்தும் மரம் கொஞ்சம்தான், அதற்கு ஈடாகக் கண்ணுக்குத் தெரியாத மூலைகளை வாங்குகிறீர்கள்.

தடுப்பைத் தாண்டிவிட்டது

தாண்டும் போல இருந்தால்: தடுப்புக் கட்டை 3 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும், அல்லது ஆணி மட்டும் அடித்திருக்கும். எல்லாப் பலகையையும் ஊடுருவிய போல்டால் பிடியுங்கள். அப்புறம், ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்க வேண்டும், காருக்கு முன்னால் அல்ல. "வா, வா, நில்" என்பது போதும். "கொஞ்சம்" என்ற சொல் வேண்டாம், ஓட்டுபவருக்கு அது வர என்றும் கேட்கும், நிற்க என்றும் கேட்கும். மேல்தளத்துக்கு ஏறியதும் டயர் திடீரென்று இலேசாக உருளும், அந்த இடத்தில்தான் பிரேக்கில் கால் வேண்டும்.

தாண்டி விழுந்தேவிட்டால்: இயந்திரத்தை நிறுத்துங்கள். பின்னால் எடுக்க முயல வேண்டாம், தடுப்புக் கட்டை ஒயில் தொட்டியிலோ குறுக்குச் சட்டத்திலோ மாட்டியிருக்கலாம். குனிந்து வெளியிலிருந்து பாருங்கள், ஒயில் சொட்டுகிறதா? சொட்டினால் இயந்திரத்தைத் திரும்ப இயக்கவே கூடாது. இங்கே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், தள்ளு ஜெக் கொண்டுவரச் சொல்லி. காரோடு வரும் கத்தரி ஜெக்கால் மணலில் இதைத் தூக்கப் போவது இன்னொரு விபத்து.

மேலே நின்ற கார் ஆடுகிறது, மெல்ல உருள்கிறது

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பியிருப்பார்கள். கேபிள் தளர்ந்த காரில் அது பெயருக்குத்தான். கைக் கியர் என்றால் முதல் கியர், ஓட்டோமெட்டிக் என்றால் பி, கூடவே ஆப்புக் கட்டை. ஆப்பு முக்கோணமாக, டயர் அகலத்துக்கு, குறைந்தது 4 அங்குல உயரம் இருக்க வேண்டும். அரைச் செங்கல் ஆப்பாகாது, அது நசுங்கும்.

பின்பக்கத்தை ராம்பில் ஏற்றினால் இன்னொன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான வாகனங்களில் ஹேண்ட்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். அந்தச் சில்லு ராம்பின் மேல் இருக்கிறது, தரையில் நிற்கும் முன் சில்லைப் பிடிக்க ஆப்பைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போகலாம்.

பக்கவாட்டில் ஆடினால் இரண்டு ராம்பும் ஒரே உயரமா என்று அளந்து பாருங்கள். அடுத்தபடியாக, டயர் ராம்பின் நடுவில் நிற்கிறதா என்று. ராம்ப் அகலம் டயரைவிட 2 அங்குலமாவது கூடுதலாக வேண்டும். ஆல்டோவின் 145 மில்லிமீற்றர் டயருக்கு 10 அங்குலம் தாராளம். ஹையேஸின் 195க்கு அது போதும், ஆனால் ஓட்டுபவர் நேராக ஏற்ற வேண்டும். இரு ஓரத்திலும் ஓர் அங்குலச் சட்டம் அடித்தால் டயர் விலகாது.

எல்லாம் சரி, ஆனாலும் ஆடுகிறதென்றால் காரின் ஷொக் அப்சோபரோ, புஷ்ஷோ போயிருக்கலாம். அது கராஜ் வேலை. ராம்பின் மேல் வைத்துச் சில்லைக் கழற்றும் வேலை, பிரேக் வேலை, ஸ்பிரிங் வேலை எதையும் செய்ய முடியாது, சில்லுதானே காரைத் தாங்குகிறது. அவற்றுக்கு ஜெக் ஸ்டாண்ட் உள்ள இடத்துக்குப் போங்கள்.

ஆள் மேல் கார் இறங்கிவிட்டால் காரை ஓட்டி எடுக்க முயலாதீர்கள். ஜெக்கால் தூக்கி, தூக்கத் தூக்கக் கட்டை கொடுத்துக்கொண்டே போங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை. வேறு ஆள் இல்லாத வீட்டில் தனியாக அடியில் போகும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

உயரம் போதவில்லை

உடனே கை போவது கொங்கிரீட் பிளொக் கல்லுக்கு. வேண்டாம். வெறுமையான பிளொக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். மரம் முனகும், கல் முனகாது. இன்னொரு அடுக்கு வேண்டுமென்றால் 2 அங்குல உயரத்துக்கு 10 அங்குல நீளம் கூட்டுங்கள், புதிய அடுக்கை அடியில் கொடுங்கள், போல்டை நீளமானதாக மாற்றுங்கள். ராம்பின் உயரம் அதன் அகலத்தை மிஞ்சக் கூடாது. அதற்கு மேல் உயரம் கேட்கும் வேலை, குழி உள்ள சேர்விஸ் ஸ்டேசனின் வேலை.

ஒயில் மாற்றும்போது முன்பக்கம் தூக்கியிருப்பதால் ஒயிலை வடிக்கும் அடைப்பு பின்பக்கம் உள்ள காரில் நன்றாக வடியும், முன்பக்கம் இருந்தால் கொஞ்சம் தங்கும். புது ஒயில் ஊற்றிய பிறகு குச்சியில் அளவு பார்ப்பது காரைச் சமதரைக்கு இறக்கிய பிறகுதான்.

மாரி முடிந்த பிறகு எடுத்தால் ஏதோ சரியில்லை

நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரு மூலையில் கிடந்த ராம்பை அப்படியே காருக்கு வைக்காதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். மண் வரி ஓடியிருந்தால் கறையான். வரியைச் சுரண்டிவிட்டு, ஸ்குரூட்ரைவரால் மரத்தைக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும். கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது. தட்டிப் பார்த்தால் சத்தமும் சொல்லும், உளுத்த மரம் பொத்தென்று கேட்கும். பெரும்பாலும் நிலத்தில் படும் அடிப்பலகைதான் முதலில் போகும். போல்டைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். ஆணி அடித்த ராம்பில் இது முடியாது.

போல்ட்டையும் ஒன்று கழற்றிப் பாருங்கள். தலையும் நட்டும் பளிச்சென்று இருக்கும், பலகைகள் சந்திக்கும் நடுப்பகுதி உப்புக் காற்றில் அரித்துக் கழுத்து மெலிந்திருக்கும். கடற்கரை ஊர்களில் இது வேகமாக நடக்கும். மெலிந்திருந்தால் ஆறையும் மாற்றுங்கள், துத்தநாகம் பூசியது வாங்குங்கள்.

வைக்கும் இடம்: கூரைக்கு அடியில், இரண்டு கல்லின் மேல், நிலத்தில் படாமல், சுவரில் சாயாமல். பலகையின் வெட்டுமுனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே இரண்டு கை பெயின்ட் கூடுதலாகப் பூசுங்கள். கழித்துப்போட்ட பலகையை விறகாக்க நினைத்தால் ஒன்று: பெயின்ட், கறையான் மருந்து, ஒயில் ஊறிய மரம் சமையல் அடுப்புக்கு ஆகாது.